நஹூலா மிஸ் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்த பாடம்

எங்கள் தீவில் தோணிக்கு முதன்முதலில் எஞ்சின் பூட்டியவன் நான். முதல் சிமெண்டு வீடும் என்னுடையதுதான். தலைநகர் மாலேயிலிருந்து முதல் குளிர்பெட்டி வந்து இறங்கியபோது அதன் பின்னால் தீவே ஊர்வலமாக நடந்தது, என் வீட்டு வாசலுக்கு. கடற்கரையில் கயிற்று வலை நாற்காலிகளில் காலை நீட்டிப் பாக்கு மெல்லும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஆதம் மணிக் யார் என்று சொல்வார்கள். சொல்லாவிட்டால் பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு? ஓதக் கற்றேன், எழுத்துக்கூட்டக் கற்றேன், அதற்குள் அப்பா கையைப் பிடித்துத் தோணியில் ஏற்றிவிட்டார். இரை மீன் செத்துப்போகாமல் தண்ணீர் இறைக்கிற வேலை. அங்கிருந்து நானாக எழுந்தவன். ஆனால் இங்கிலீஷில் ‘குட்’டுக்கு மேலே என்ன, அதற்கும் மேலே என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ‘பேட்’டுக்குக் கீழே எத்தனை படி இறங்கலாம் என்றும் தெரியும். எல்லாம் நஹூலாவால் வந்தது. எனக்கென்று அவள் சொல்லித்தரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் ஈரப்பலா மரத்தடியில் என் ஊஞ்சல். கடலுக்குப் போகாத நாளில் மீன் சாறும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பிள்ளைகளின் குரல் காற்றில் வரும். குட், பெட்டர், பெஸ்ட். ஊஞ்சல் அதற்குத் தகுந்தபடி ஆடத் தொடங்கும். மச், மோர், மோஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். பெயர் தெரியாத ஏதோ கடலில் யாரோ துடுப்புப் போடுகிற மாதிரி இருக்கும். இலை நிழல் முகத்தின்மேல் போய்ப்போய் வரும். கண் சொருகிவிடும்.

மந்திரிகளைப் பற்றி மாலேக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும். நான் நஹூலாவைப் பற்றி எழுதுகிறேன்.

நஹூலா எங்கள் தீவுப் பெண். அவள் அம்மா தேங்காய் நார்க் கயிறு திரித்துப் பிழைத்தவள். பிள்ளையைப் படிக்க மாலேக்கு அனுப்பினாள். அங்கே ஒரு பெரிய வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். பதிலுக்கு அந்த வீட்டுப் பாத்திரம், துணி, தொட்டில் குழந்தை எல்லாம் இவள் கையில். தீவுப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் படித்தார்கள். தட்டுக் கழுவும்போது ஒரு தட்டுக்கு மூன்று சொல் என்று மனப்பாடம் செய்தாளாம். அந்த வீட்டில் விருந்து நடந்தால் இவளுக்கு இங்கிலீஷ் அதிகம் ஏறும். படிப்பு முடிந்ததும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஊருக்குத் தோணி ஏறிவிட்டாள். “இனி அடுத்தவங்க தட்டை நான் தொடமாட்டேன், ஆதம் பேபே” என்றாள் என்னிடம், கரையில் இறங்கின கையோடு. பேபே என்றால் அண்ணன். என்னை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், என்னைவிட மூத்தவர்கள் சிலரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர அவளைத் தற்காலிகமாக வைத்தார்கள். வேலையை நிலையாக்குவதா வேண்டாமா என்று தீவின் தலைவரான கதீப் ஸுபைரும் பெற்றோர்களும் கூடி முடிவெடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் வெளிநாட்டிலிருந்து ஒரு டீச்சரைக் கேட்டு மாலேக்கு எழுதுவார்கள். நஹூலா பழைய வீட்டுக்கே, பழைய தட்டுகளுக்கே திரும்ப வேண்டியதுதான்.

விடிகாலையில் தெரு மணலைக் கூட்டும் பெண்கள் இதைப் பற்றித்தான் பேசுவார்கள். எதிர்வீட்டு ஸகீனாவுக்கு விளக்குமாறு எவ்வளவு நீளமோ நாக்கும் அவ்வளவு நீளம்.

“நம்ம ஊர்ப் பொண்ணுக்கு என்ன இங்கிலீஷ் தெரியப்போவுது? மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சவதானே. நான் பாக்காததா?”

“மூக்கு ஒழுகினா இங்கிலீஷும் சேந்து ஒழுகிடுமா?” என்பாள் என் மனைவி ரஹீமா. “உன் மவன் மூக்கு ஒழுகவே இல்ல. அவன் என்ன கிழிச்சான்?”

நஹூலாவின் பாடம் வேறு மாதிரி. ‘டால்’ என்றால் உயரம், ‘டாலர்’ என்றால் அதைவிட உயரம், அப்படியானால் ‘குட்’டுக்கு ஏன் ‘குட்டர்’ வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டதாம். அதற்கு அவள் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

“நம்ம ஆதம் பேபேயை எடுத்துக்குங்க. தோணியில தண்ணி இறைச்சப்ப அவரை எல்லாரும் குடா ஆதமுன்னு கூப்பிட்டாங்க, குட்டி ஆதமுன்னு. பாய்த்தோணி வாங்கினதும் ஆதம்பே ஆனார். எஞ்சின் பூட்டினதும் ஆதம் மணிக். ஆள் ஒருத்தர்தான். உசர உசரப் பேரே மாறிடுச்சு. சில சொல்லும் அப்படித்தான்.”

“அப்ப இன்னொரு எஞ்சின் வாங்கினா?” என்றது அந்தப் பிள்ளை.

“அதுக்கு மேல பேரு கிடையாது. அதான் பெஸ்ட்.”

அன்றைக்கே அவளுக்கு ஒரு குலை இளநீர் அனுப்பினேன். பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் தீவில் யார் இருக்கிறார்கள்?

அவள் வகுப்பைச் சுவருக்குள் வைத்திருக்கமாட்டாள். ஈரப்பலாக்களை வரிசையாக வைத்து எது நல்லது, எது அதைவிட நல்லது என்று தட்டிப் பார்க்கச் சொல்வாள். அழுகினதற்கும் அதேபோல வரிசை உண்டு. காலையில் தோணிகள் புறப்படும் நேரத்தில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போவாள். உள்கடல் பச்சையிலிருந்து தோணி பவளப்பாறை வாயைத் தாண்டி நீலத்துக்குள் இறங்கும்போது, ஃபார். எஞ்சின் சத்தம் மெலியும்போது, ஃபார்தர். வெள்ளைப் புள்ளியாகி, பறவையா தோணியா என்று தெரியாத இடத்தில், ஃபார்தெஸ்ட். கடைசிச் சொல்லைப் பிள்ளைகள் மூச்சு தீரும்வரை இழுப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். போகிற தோணியைப் பார்த்துத் தூரம் என்று எங்கள் தீவில் சொல்லமாட்டோம். ‘எங்கே போறீங்க’ என்றும் கேட்கமாட்டோம். ‘வெளியே போயிருக்காங்க’ என்று மட்டும் சொல்வோம். தூரம் என்று சொன்னால் கடல் கேட்டுக்கொண்டு நீளும் என்பது நம்பிக்கை. மாலேயில் வளர்ந்ததால் நஹூலாவுக்கு அது மறந்திருக்கும், அல்லது இங்கிலீஷில் சொன்னால் சேராது என்று நினைத்திருப்பாள். எங்கள் ஆட்களும் பொருள் தெரியாமல் கையசைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அர்த்தம் சொல்லும்வரை.

அர்த்தம் ஊருக்குள் பரவின சமயத்தில்தான் என் தோணி காணாமல் போனது.

அன்று நல்ல காலை. இரை மீன் தொட்டி நிறையப் பளபளவென்று இருந்தது. என் தோணியாள் ஜௌஹர் முன்பக்க அணியத்தில் நின்று மகளுக்குக் கையசைத்தான். அவன் மகள் ஷிம்னா, முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை, நஹூலாவின் வகுப்பு. எல்லார் குரலுக்கும் மேலே அவள் குரல்தான் கேட்டது. ஃபார்தெஸ்ட். பல் இல்லாத வாயில் அது காற்றாகவே வந்தது. பறவைக் கூட்டம் தெரிந்த திசையில் நான் வேகத்தைக் கூட்டினேன். கூட்டின கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குக் கீழே ஏதோ முறிகிற சத்தம். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

நீரோட்டம் கிழக்கே இழுத்தது. ரேடியோவில் மாலைவரை கூப்பிட்டோம், பிறகு பேட்டரி செத்தது. பச்சை மீனைக் கீறி வெயிலில் உலர்த்தித் தின்றோம். தார்ப்பாயைக் குழிவாகக் கட்டி மழை பிடித்தோம். தோணிப் பையன்கள் அழுதார்கள், நான் அழவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். காற்றே இல்லாத அந்த மத்தியானங்களில் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. மேலேயும் மேகம், கீழேயும் மேகம். தோணி நடுவில் தொங்கியது, ஊஞ்சல் மாதிரி. கண்ணை மூடினால் என் ஈரப்பலா மர நிழல் முகத்தில் ஆடும். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சொல்வது கேட்கும். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். இப்போது நாம் இதில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன். விழித்தால் அதே மேகம். ஒரு சமயம் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து தோணி விளிம்பில் உட்கார்ந்தது. நிலம் எங்கே இருக்கிறது என்று அதுவும் சொல்லவில்லை.

“பேபே, நாம எங்க இருக்கோம்?” என்று ஜௌஹர் கேட்டான்.

“வெளியே” என்றேன்.

அந்த நாட்களில் கரையில் நடந்ததையெல்லாம் ரஹீமா எனக்குப் பிறகு சொன்னாள். அவள் சொன்னால் நேரில் பார்த்த மாதிரி.

முதலில் தேடப்போன தோணிகள் வெறுங்கையோடு திரும்பின. அப்புறம் கிணற்றடியில் பேச்சு ஆரம்பித்தது.

“தூரம் தூரம்னு பிள்ளைங்க வாயால சொல்லவெச்சா. போயிடுச்சில்ல?” என்றாள் ஸகீனா.

“அது இங்கிலீஷ்ல சொன்னதுடி. கடலுக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்றாள் இன்னொருத்தி.

“போற வர்ற கப்பல்காரன் பூரா இங்கிலீஷ்தான் பேசுறான். இத்தினி காலமா கேட்டுக் கேட்டுக் கடலுக்குப் படியாம இருக்குமா?”

மறுநாள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள். அதற்கு மறுநாள் பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. கதீப் ஸுபைர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், ஆனால் காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்கிறவர்.

“நஹூலா, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா. ஆனா பிள்ளைங்களே வராத வகுப்புக்கு நான் எப்படி டீச்சர் வெச்சுக்கிறது?”

“தோணி வந்துட்டா பிள்ளைங்க வருவாங்களா?”

“தோணி...” என்று கடலைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு கூடினார்கள். வெளிநாட்டு டீச்சர் கேட்டு எழுதுவது என்றும், அடுத்த மாலேத் தோணியில் நஹூலா போய்விடலாம் என்றும் முடிவானது. அவள் அம்மா தான் திரித்த கயிற்றை எடுத்து மகளின் பெட்டியைக் கட்டினாளாம். அந்த முடிச்சைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றாள் ரஹீமா.

பெட்டி கட்டின மறுநாள் காலை, யாரும் இல்லாத வகுப்புக்கு ஷிம்னா தனியாக வந்து நின்றாள்.

“மிஸ், நீங்கதானே எங்க பப்பாவைத் தூரமா அனுப்பினீங்க?”

நஹூலா குனிந்து அவளை அணைக்கப் போனாள்.

“திருப்பிக் கொண்டாங்க.”

நஹூலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு முற்றத்துக்கு வந்து என் ஊஞ்சலில் உட்காரவைத்து மெல்ல ஆட்டினாள். ரஹீமா தேங்காய் துருவிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தாள். ஊஞ்சல் முன்னால் போகும்போது பிள்ளை பழக்கத்தில் சொன்னது, ஃபார். இன்னும் கொஞ்சம் தள்ளினாள், ஃபார்தர். இலையில் கால் படும் அளவுக்குப் போனது, ஃபார்தெஸ்ட். அங்கே ஒரு கணம் நின்று ஊஞ்சல் தானாகத் திரும்பியது.

“திரும்பி வரும்போது என்ன சொல்லணும் மிஸ்?”

“ஒண்ணும் சொல்லவேண்டாம்டா. தானா வரும்.”

“சொன்னாத்தானே போச்சு. சொன்னாத்தானே வரும்?”

நஹூலா ஊஞ்சலை இன்னொரு தடவை ஆட்டிவிட்டாள். அப்புறம் தலைகீழாகச் சொன்னாள். ஃபார்தெஸ்ட், ஃபார்தர், ஃபார். பிள்ளை கூடவே சொன்னது. ஊஞ்சல் நின்றது. ஆனால் பிள்ளைக்குப் போதவில்லை.

“ஃபாருக்கு அப்புறம்?”

“அவ்வளவுதான். அதோட முடிஞ்சுது.”

“ஃபார்னாலும் தூரம்தானே மிஸ். இன்னும் வந்து சேரலியே.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: “ஃபார்தெஸ்ட், ஃபார்தர், ஃபார், பப்பா.”

தேங்காய் துருவின கையோடு ரஹீமா எழுந்து உள்ளே போய்விட்டாளாம். புருஷன் கடலில் இருப்பவள் வேறென்ன செய்வாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கரையில் நின்று அதைச் சொன்னார்கள். மறுநாள் ரஹீமாவும் போய் நின்றாள். தோணியில் போன மற்றவர்களின் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. மாலேத் தோணி சரக்கு சேராமல் தாமதித்துக்கொண்டே இருந்தது. பெட்டி கட்டியபடியே கிடந்தது. சாயங்காலம் ஆனால் கரை நிறைந்துவிடும். கடைசியில் ஸகீனாவும் வந்தாள். ஃபார்தெஸ்ட் என்பது அவள் நாக்கில் ஏறவில்லை. “பாத்தீஸ், பாத்தீஸ்” என்று சொன்னாள், ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாக.

இனி என் பக்கம். காற்று திரும்பியது. மழை பிடித்த தார்ப்பாயை அவிழ்த்து, தூண்டில் கழிகளைச் சேர்த்துக் கட்டி, பாய்மரம் நட்டேன். எஞ்சின் பூட்டின முதல் ஆள் நான்தான், ஆனால் பாய் கட்டத் தெரிந்த கடைசி ஆளும் நான்தான். பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நட்சத்திரம், அலையின் நிறம், மேகத்தின் அடியில் தெரியும் பச்சைச் சாயல், இதை வைத்துக்கொண்டு நான் அந்தத் தோணியை வீட்டுக்கு ஓட்டினேன். வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

தென்னந்தலைகள் தெரிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடல் தங்கத் தகடாகக் கிடந்தது. பாறை வாயை நெருங்கும்போது கரையிலிருந்து ஏதோ சத்தம் மிதந்து வந்தது. முதலில் என் தலைக்குள் கேட்பது என்றே நினைத்தேன். அத்தனை நாளும் அப்படித்தானே கேட்டது? ஆனால் ஜௌஹரும் நிமிர்ந்து பார்த்தான்.

“பேபே, பாடத்தைத் தப்பா சொல்றாங்க.”

கடைசிச் சொல்லில் எல்லாக் குரலும் ஒன்றாக எழுந்தது. பப்பா. தோணி உள்கடல் பச்சைக்குள் வழுக்கி நுழைந்தது. ஜௌஹர் தண்ணீரில் குதித்துவிட்டான். கழுத்தளவு நீரில் அவன் கரையை நோக்கி நடந்ததும், பல் இல்லாத அந்தப் பிள்ளை பாவாடையோடு தண்ணீருக்குள் ஓடிவந்ததும் இன்றும் பாதித் தூக்கத்தில் வரும்.

கரை ஏறினதும் கதீப் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளைங்க கூப்பிட்டுக் கொண்டுவந்துட்டாங்க, ஆதம்.”

“பாய் கொண்டுவந்துச்சு” என்றேன். “பாயைக் கட்டினது நான்.”

யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஸகீனா முன்னால் வந்து நஹூலாவின் கன்னத்தைத் தடவினாள். “இனி நீ எங்கேயும் போகவேண்டாம்டி தங்கம். வெளிநாட்டு டீச்சருக்கு முன்னால போகத்தான் தெரியும், திரும்பி வரத் தெரியாது. கதீப், அந்தக் கடுதாசியெல்லாம் எழுதவேண்டாம்.”

எல்லாரும் ஆமாம் என்றார்கள். கதீப் காற்றடித்த பக்கம் உடனே சாய்ந்தார்.

நஹூலா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் முகம் இறுகியிருந்தது.

“நான் மந்திரக்காரி இல்ல” என்றாள். “டீச்சர். பரீட்சையில நேர் வரிசையிலதான் கேப்பான். குட், பெட்டர், பெஸ்ட். ஃபார், ஃபார்தர், ஃபார்தெஸ்ட். தலைகீழா மட்டும் சொல்ற பிள்ளைங்களை நான் வளக்கமாட்டேன். இருந்தா, போற தோணியைப் பாத்து நேராவும் சொல்லுவேன். இல்லேன்னா பெட்டி கட்டித்தான் இருக்கு.”

திரும்பி வரச் சொல்வது வேறு, போகச் சொல்வது வேறு. எந்தத் தோணிக்காரன் ஒத்துக்கொள்வான்? ஒவ்வொருவரும் தங்கள் தோணியைப் பார்த்தார்கள், பிறகு மணலைப் பார்த்தார்கள். அவள் அம்மா மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயை நம்பாத ஊருக்குப் பாடம் புகட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

“என் தோணிக்குச் சொல்லு” என்றேன். “எவ்வளவு தூரம் வேணும்னாலும் சொல்லு. நான் வருவேன்.”

எஞ்சின் சரியாகி முதன்முறை நான் புறப்பட்ட காலையில் கரை முழுக்க ஆட்கள். நஹூலா பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தாள். என் ஆட்களில் சிலர் வரமாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். ஜௌஹர் வந்தான். பாறை வாயில் தோணி இறங்கியபோது ஷிம்னாவின் குரல்தான் முதலில் வந்தது, தனியாக, கொஞ்சம் நடுங்கி. பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஃபார். ஃபார்தர். கடைசிச் சொல் எங்கள் பின்னாலேயே நெடுந்தொலைவு வந்தது, நீரில் இழுபடும் கயிறு மாதிரி, மெலிந்து மெலிந்து. கயிறு என்றால் ஒரு முனை கரையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அன்று சாயங்காலம் தோணி நிறையச் சூரை மீனோடு வந்தேன். கரையில் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நஹூலாவின் பெட்டியைச் சுற்றின கயிற்றை அவள் அம்மாவே அவிழ்த்தாள். அந்தக் கயிறு இப்போது பள்ளிக்கூட முற்றத்தில் ஊஞ்சலாகத் தொங்குகிறது. பலகைக்கு மரம் நான் கொடுத்தது.

பின்னால் ஒரு தடவை மாலேயிலிருந்து பள்ளிக்கூட அதிகாரி ஒருவர் வந்து வகுப்பில் கேட்டார். பிள்ளைகள் குட்டிலிருந்து பெஸ்ட்வரை பிசகில்லாமல் ஏறினார்கள். ஃபாரில் தொடங்கி ஃபார்தெஸ்ட்வரை போனார்கள். அவர் சபாஷ் என்று எழுந்தார். பிள்ளைகள் நிறுத்தவில்லை. வந்த வழியே திரும்பினார்கள்.

“அந்தக் கடைசிச் சொல் என்ன? புத்தகத்தில் இல்லையே” என்று கேட்டார் அதிகாரி.

“அது வந்து சேர்றதுக்கு, சார்” என்றாள் ஷிம்னா. அவளுக்கு அப்போது பல் முளைத்திருந்தது.

நஹூலா சிரித்துக்கொண்டே கரும்பலகையைத் துடைத்தாளாம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் ஊஞ்சலில் படுத்திருந்தேன். தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.